முன் சீட்டுக்கு வேண்டிய உயரம்

— ஏழு வயசாச்சு சொர்ணம், அவ என்ன கைப்பிள்ளையா, முன் சீட்டுல உக்காந்தா...

— உக்காந்தா கண்ணாடியில போய் முட்டுவா. போன மாசம் நான் முட்டலையா? திருத்தங்கல் தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்துச்சு, நீங்க பிரேக்கை மிதிச்சீக, என் நெத்தி...

— அந்த ஆட்டை விடு. அது பாட்டுக்கு...

— ஆடு பிழைச்சுக்கிருச்சு. என் நெத்திதான் இன்னும் வீங்கிக் கெடக்கு. பொட்டு வைக்க எடம் தேடுறேன்.

— நான் ஒரு வார்த்தை பேசி முடிச்சுக்கிறேன், அப்புறம் நீ...

— நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள விருதுநகர்ல எங்கம்மா ஆக்கி வச்ச சோறு ஆறிப் போகும். சுப்பு, பின்னாடி ஏறு.

— ஏற மாட்டேன். அப்பா எனக்கு வாக்குக் குடுத்திருக்காக.

— என்ன வாக்கு?

— வண்டிக்குள்ள அப்பாவுக்கு எதுக்க ஒரு கண்ணாடி இருக்குல்லம்மா, பின்னாடி என்ன வருதுன்னு பாக்குறதுக்கு. அதுல என் மொகம் நாடி வரைக்கும் என்னைக்கித் தெரியுதோ அன்னைக்கி முன் சீட்டுன்னாக. இப்பத் தெரியுது.

— சொன்னீகளா?

— சொன்னேன். தைப் பொங்கலப்ப சொன்னேன். அப்ப கண்ணாடியில அவ ரிப்பன் மட்டுந்தான் தெரிஞ்சது. மொகம் தெரியுறதுக்கு இன்னும் மூணு வருசம் ஆகும்னு நெனைச்சுத்தான் தைரியமாச் சொன்னேன். ஆடி பொறந்து எட்டு நாள்கூட ஆகல, நாடி தெரிஞ்சு போச்சு. நான் என்ன செய்ய?

— கம்பெனியில ஆர்டர் எடுக்குறப்பவும் இப்படித்தான் சொல்லுவீக. தீபாவளிக்கு அம்புட்டுச் சரக்கும் குடுத்துருவேம்பீக, பெறகு ஆவணியில தலையில கையை வச்சுக்கிட்டு உக்காருவீக.

— அதுவும் வாக்கு, இதுவும் வாக்கு. ரத்தினசாமி வாக்கு மாற மாட்டான்னு சிவகாசியில பேரு இருக்கு.

— ரத்தினசாமி வண்டி வந்தா ஓரமா நில்லுன்னும் சிவகாசியில பேரு இருக்கு. அதையும் சொல்லுங்க.

— அது நெசந்தான். நாப்பத்தொரு வயசுல ஸ்டியரிங் பிடிச்சவன் நானு. இருவது மைல் வேகத்துக்கு மேல நான் போறதே இல்ல. போன வாரம் பருத்திப் பாரம் ஏத்துன மாட்டு வண்டி ஒண்ணு என்னைத் தாண்டிப் போச்சு. வண்டிக்காரன் திரும்பிப் பாத்து, மொதலாளி ஏதும் ஒத்தாசை வேணுமான்னு கேக்கான். இம்புட்டு மெள்ளப் போற வண்டியில பிள்ளைக்கு என்ன ஆபத்து?

— இருவது மைல்ல போயித்தான் என் நெத்தி வீங்குச்சு. கதவு இருக்கே, அது எந்த வேகத்துல தெறந்துச்சு? ரயில்வே கேட்டு மேட்டுல ஏறி எறங்குறப்ப முன் கதவு தானாத் தெறந்து, என் மடியில இருந்த தூக்குச்சட்டி ரோட்டுக்குப் போச்சா இல்லையா?

— தூக்குச்சட்டிதான போச்சு.

— ஏன், நான் போகலைன்னு வருத்தமா? நான் எப்படிப் போவேன்? நான் அரிசி மூட்டை. என்னை நகத்தணும்னா ரெண்டு பேரு வேணும். இது கோழி எறகு மாதிரி இருக்கு. காத்தடிச்சாப் போதும்.

— அதுக்குத்தான் கதவைச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருக்கேன்ல.

— பாத்தேன். நாடாக்கட்டில் மாதிரிக் கட்டி வச்சிருக்கீக. நான் எறங்கணும்னா முடிச்சவுக்க ஆள் வரணும். கோயில்பட்டிப் பஞ்சு யாவாரி கழிச்சுக் கட்டுன வண்டியை வாங்கிட்டு வந்து, லேண்ட்மாஸ்டர் லேண்ட்மாஸ்டர்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறீக.

— அம்மா, நான் கயித்தைப் பிடிச்சுக்கிருவேன்ல.

— நீ சும்மா இரு. ஒம்பது வருசம் கழிச்சுப் பெத்த ஒத்தப் பிள்ளை நீ. உன்னைச் சணல் கயித்தை நம்பி அனுப்பவா நான் சுத்தாத கோயிலெல்லாம் சுத்துனேன்? அந்தா கருத்தப்பாண்டி வாரான். உங்களுக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்த புண்ணியவான். அவன்கிட்டயே கேப்போம்.

— கும்பிடுறேம்மா. கத்துத்தான் குடுத்தேன். தப்பா நெனைக்காதீக, கத்துக்கிட்டாகளான்னு என்னைக் கேக்கப்பிடாது.

— வாய்யா பாண்டி. நீயும் உன் பங்குக்கு ஒரு அடி அடிச்சிட்ட. வண்டியைத் தொடச்சாச்சா?

— தொடச்சாச்சு மொதலாளி. எண்ணெய், தண்ணி எல்லாம் பாத்தாச்சு. விருதுநகர் யாவாரிகளுக்குக் காட்டுற சாம்பிள் பெட்டி மட்டும் ஏத்தணும். டிக்கியில வச்சிரட்டுமா?

— டிக்கியிலயா? என்னைக்காவது டிக்கியில வைக்கச் சொல்லியிருக்கேனா? பெட்டிக்குள்ள என்ன, மைசூர்பாகா இருக்கு? சரவெடி இருக்கு, பூச்சட்டி இருக்கு, சக்கரம் இருக்கு. டிக்கிக்குப் பக்கத்துல பெட்ரோல் டாங்கி. முன்னாடி வச்சா எஞ்சின் சூடு. நல்லா யோசிச்சுப் பாத்து, வண்டியிலயே பத்திரமான எடம் பின் சீட்டுதான்னு நான் முடிவு பண்ணி எம்புட்டு நாளாச்சு.

— அதுக்கில்ல மொதலாளி, ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்னுதான். எப்பயும் போல பின் சீட்டுல இந்த ஓரமா வைக்கேன். பாப்பா அந்த ஓரமா உக்காரட்டும். நடுவுல ஒரு ஆள் எடம் விட்டிருக்கேன்.

— அதான் சரி. கம்பெனியில ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவுல எடம் விடுறோம்ல, அந்தக் கணக்கு. மேல அந்தப் பழைய ஜமுக்காளத்தை நாலா மடிச்சுப் போடு. உரசக் கூடாது.

— பெட்டிக்குன்னா எம்புட்டு யோசனை பாரு பாண்டி. மெத்தை என்ன, ஜமுக்காளம் என்ன. எனக்குச் சணல் கயிறு.

— சொர்ணம், வெடித் தொழில் பண்றவன் கோழையாத்தான் இருக்கணும். நான் ஊருக்கே பெரிய கோழை. அதனாலதான் பத்து வெரலும் அப்படியே இருக்கு. நேத்துக்கூட நம்ம கம்பெனியில வேலை பாக்குற பெத்தணன் செருப்புல ஒரு ஆணி துருத்திக்கிட்டு இருந்துச்சு. இம்புட்டுக்காண்டு ஆணி. வாசல்லயே நிப்பாட்டி வீட்டுக்குப் போன்னுட்டேன். இரும்பு உரசி ஒரு பொறி வந்தாப் போதும், பெத்தணனும் இல்லை, நானும் இல்லை. அவன் மொறைச்சுக்கிட்டே போனான். மொறைக்கட்டும்.

— அம்புட்டு சூதானமான மனுசன் பெத்த பிள்ளை விசயத்துல மட்டும் ஏன் இப்படி இருக்கீக? பாண்டி, நீ சொல்லு. இருவத்திரண்டு வருசம் லாரி ஓட்டியிருக்க. பிள்ளை எந்த வயசுல முன்னாடி உக்காரலாம்?

— வயசு கணக்கு இல்லம்மா. தூத்துக்குடிக்குப் பஞ்சு லோடு ஏத்திட்டுப் போறப்ப வழியில எத்தனையோ பேரு ஏறுவாக, எறங்குவாக. நான் காலைத்தான் பாப்பேன். முதுகு சீட்டுல சாஞ்சிருக்கணும், அதோட பாதம் தரையில ஊணணும். ஊணுற காலு பிரேக் போட்டாத் தாங்கும். ஊணாத காலு, தப்பா நெனைக்காதீக, ஆளை அப்படியே முன்னாடி கொண்டு போய்த் தள்ளிரும்.

— கேட்டீகளா? இதான் பேச்சு. சுப்பு, முன்னாடி ஏறி உக்காரு. சும்மாதான், பாக்குறதுக்கு. முதுகை நல்லாச் சாய்ச்சு உக்காரு. காலு?

— தொங்குதும்மா.

— எம்புட்டு தொங்குது?

— ஒரு சாண் இருக்கும் மொதலாளி. ஒண்ணேகால் சாணே இருக்கும்.

— அது கால் கணக்கு. என் கணக்கு தலைக் கணக்கு. நான் வாக்குக் குடுத்தது தலைக்கு. ரோட்டை விட்டுக் கண்ணெடுக்கவே எனக்குப் பயம், போன ஞாயித்துக்கிழமைதான் உங்கம்மா வீட்டுக்குப் போறப்ப கண்ணாடியில பாக்கேன், இவ மொகம் முழுசாத் தெரியுது. நாடி, கழுத்து, கழுத்துல கெடக்குற பாசிமணி எல்லாம் தெரியுது. நான் மகளைக் கூட்டிக்கிட்டுப் போறேனா மாமியாரைக் கூட்டிக்கிட்டுப் போறேனான்னு ஒரு நிமிசம் திகைச்சுப் போனேன். அம்புட்டு ஒசரம். நீயும் அதே வண்டியிலதான வார, நீ பாக்கலையா?

— நான் எங்க பின்னாடி பாத்தேன்? வண்டி கெளம்புனதும் கண்ணை மூடுனா விருதுநகர்லதான் தெறக்கேன். பதினாறு மைலுக்கும் வழியில இருக்குற ஒரு சாமி விடாம நேந்துக்கிட்டு வாரேன். அம்புட்டுச் சாமிக்கும் மொட்டை போடணும்னா என்கிட்ட ஒரு தலைதான் இருக்கு. இப்பத்தான் முடி வளந்து கொண்டை போட்டேன்.

— நீ கண்ணை மூடிக்கிட்டா எனக்கு எப்படி வண்டி ஓட்டத் தைரியம் வரும்?

— நான் கண்ணைத் தெறந்திருந்தா நீங்க ஓட்டவே முடியாது. கத்திருவேன்.

— சரி மொதலாளி, தலைக் கணக்கோ கால் கணக்கோ, ஒரு அளவு எடுத்துப் பாத்துருவோமே. சண்டை எதுக்கு?

— அதைச் சொல்லு பாண்டி. அடுக்களை நெலையில பொங்கலன்னைக்கிப் பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன். வா சுப்பு. நீங்களும் வாங்க, பெறகு நான் கோட்டை அழிச்சிட்டேன்னு சொல்லுவீக. ஏய், ஷூவைக் கழட்டு. ஞாயித்துக்கிழமையும் இந்தப் பள்ளிக்கூடத்து ஷூதானா?

— இது புதுசும்மா.

— புதுசுக்கு எதுக்கு லாடம்? நடந்தா குருதை வார மாதிரி இருக்கு. அந்த இரும்பே கால் அங்குலம் ஒசரம் காட்டும்.

— லாடம் அடிக்கச் சொன்னது நானு. போன ஷூ மூணு மாசத்துல குதி தேஞ்சு போச்சு. பள்ளிக்கூடம் தெறந்து ஆனியில வாங்குனது, அடுத்த ஆனி வரைக்கும் வரணும்ல. கஞ்சப்பயன்னு சொல்லு, கேட்டுக்கிறேன்.

— சொல்லித்தான் தெரியணுமா. நில்லு சுப்பு. முதுகை நெலையில ஒட்டு. குதியைத் தூக்காத.

— தூக்கலம்மா.

— தூக்குற. கீழ பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்னங்க, அந்தக் காலண்டர் அட்டையை எடுத்து அவ தலை மேல படுக்க வைங்க.

— வச்சிட்டேன். இந்தா, இங்கனதான் வருது.

— இங்கனயா? நல்லாப் பாருங்க.

— பாத்துட்டேன்.

— கோடும் அங்கனயே இருக்கு, தலையும் அங்கனயே இருக்கு. பொங்கலுக்கும் இன்னைக்கிக்கும் நடுவுல ஒரு நெல்லு கனம் இருந்தா அதிகம். சத்துமாவு, முட்டைன்னு நான் ஊட்டுனதெல்லாம் எங்கதான் போகுதோ.

— அளவுல எங்கயோ தப்பு இருக்கு.

— அளந்தது நீங்க.

— அதான் சொல்றேன், தப்பு இருக்கும்னு.

— இன்னொருக்கா அளங்கப்பா.

— அளந்தாச்சு தாயி. ரெண்டு தடவையும் அதேதான். எனக்கு இதுல ஒண்ணுதான் புரியல சொர்ணம். பிள்ளை வளரல. கண்ணாடியில மொகம் மட்டும் ஒரு சாண் மேல வந்திருக்கு. அது எப்படி?

— பிள்ளை வளரலைன்னா நீங்க குட்டையாயிட்டீக.

— என்னது?

— நீங்க உக்காந்து உக்காந்து முன் சீட்டு அமுங்கிப் போயிருக்கும். பள்ளத்துல உக்காந்து பாத்தா பின்னாடி இருக்குறவ ஒசரமாத்தான் தெரிவா. எனக்கும் அதுல பங்கு இருக்கு, இல்லைங்கல. அந்தச் சீட்டு நம்ம ரெண்டு பேரையும் சுமக்குது.

— அப்படித்தான் இருக்கும். நாப்பத்தொரு வயசுல வண்டி ஓட்டப் பழகுனேன், நாப்பத்திரண்டுல கண்ணுக்கு முன்னாடியே குட்டையாயிட்டு வாரேன். பாண்டி, இங்க வா. முன் சீட்டு ஸ்பிரிங்கு அமுங்கியிருக்கா பாரு.

— பாத்தேன் மொதலாளி. கிண்ணுன்னு இருக்கு. அம்மா பக்கம்கூட நல்லாத்தான் இருக்கு.

— உன் வாய்க்குச் சர்க்கரை போடணும் பாண்டி.

— அப்ப கண்ணாடி. கண்ணாடியைத் திருப்பி வச்சிருக்கான். பாண்டி, நீ தொடைக்கிறப்ப அதைத் தொட்டியா?

— தொடச்சேன் மொதலாளி, திருப்பல. நான் ஓட்டிப் பாக்குறப்ப அதுல பின்னாடி வார லாரிதான் தெரியுது. கண்ணாடி சரியாத்தான் இருக்கு.

— உனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கும். அந்தச் சத்தமும் சரியாத்தான் இருக்குன்ன. ஒரு மாசமாப் பின்னாடி டொக்கு டொக்குன்னு கேக்குது. மூணு தடவை கழட்டி மாட்டுன. கண்டுபிடிச்சியா?

— நான் ஓட்டுறப்ப கேக்கலையே மொதலாளி. சாத்தூர் வரைக்கும் தனியா ஓட்டிட்டுப் போயி வந்தேன். காதைத் தீட்டிக்கிட்டுத்தான் ஓட்டுனேன். ஒரு சத்தம் இல்லை.

— நான் குடும்பத்தோட போறப்ப கேக்குது. முதல்ல மெள்ளக் கேக்கும். திருத்தங்கல் தாண்டுனா தாளம் தப்பாம டொக்கு, டொக்கு, டொக்குடொக்குன்னு வருது. ஒரு நாளைக்கிச் சக்கரம் கழண்டு தனியா ஓடப் போகுது.

— தப்பா நெனைக்காதீக, பாரம் ஏறுனா சில வண்டியில அடியில இருக்குற ஸ்பிரிங் பட்டை அப்படிப் பேசும்.

— பாரம்னா என்னைத்தான் சொல்றான். சொல்லட்டும். இப்பத்தான் சர்க்கரை போடணும்னேன்.

— வெளையாட்டுப் பேச்சு இல்ல சொர்ணம். கண்ணாடியைத் திருப்பிட்டு இல்லைங்கான். சத்தத்தைக் கேட்டா காதுல விழலைங்கான். என்னை என்னன்னு நெனைச்சிருக்கான்? ஒத்தப் பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போற வண்டி. இவனை நம்பித்தான ஏறுறோம். நாளைக்கே விருதுநகர்ல வேற மெக்கானிக்கைப் பாக்கேன்.

— பாருங்க மொதலாளி. நல்லாப் பாருங்க. இந்தாங்க சாவி.

— எதுக்கு இப்பச் சாவியை நீட்டுற?

— இருவத்திரண்டு வருசம் ஓட்டியிருக்கேன். ஒரு ஆட்டுக்குட்டி மேலகூட ஏத்துனதில்ல. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ற எடத்துல எனக்கு என்ன வேலை? அம்மா, நான் வாரேன்.

— பாண்டி, நில்லு. அவுக பேச்சை நீ புதுசாவா கேக்குற? நெத்தி வீங்குன அன்னைக்கி ஆடு மேலயே தப்புன்னு சொன்ன மனுசன். அதுக்குப் பெறகு உன்னைச் சொல்லாம எப்படி இருப்பாக? என்னங்க, சாவியை அவன்கிட்டக் குடுங்க.

— நான் எங்க போகச் சொன்னேன்? கண்ணாடியைத் திருப்புனேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. இல்லைன்னா அந்தக் கண்ணாடியில மொகம் எப்படித் தெரியும்? நீயே சொல்லு.

— அது எனக்குத் தெரியாது மொதலாளி. ஆனா நான் திருப்பல.

— சரி, விடுங்க ரெண்டு பேரும். சோறு ஆறுதோ இல்லையோ, எங்கம்மா வாசல்ல நின்னு கால் கடுத்துப் போயிருப்பாக. முதல்ல பிள்ளை விசயத்தை முடிங்க. வாக்குக் குடுத்தது நீங்க, நீங்களே சொல்லுங்க.

— என்ன சொல்ல? சுப்பு, இங்க வா தாயி. அப்பா வாக்கு மாறலை. கோட்டைத் தாண்டி ஒரு சாண் வளரு, காலு தரையில ஊணட்டும், அன்னைக்கி நானே கதவைத் தெறந்து உன்னை முன்னாடி உக்கார வைக்கேன். அது வரைக்கும் பின் சீட்டுதான். முன்னாடின்னா கண்ணாடி இருக்கு, கதவு இருக்கு, போதாக்குறைக்கு ஓட்டுறது நானு. வண்டியிலயே பத்திரமான எடம் பின் சீட்டு.

— கல்யாணம் ஆகிப் பதினாறு வருசத்துல இன்னைக்கித்தான் நானும் நீங்களும் ஒரே வார்த்தை சொல்றோம். ஏறு சுப்பு. ஷூவை மாட்டிக்கிட்டு ஏறு. ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? அழுறியா?

— அழலம்மா.

— பெறகென்ன? ஜமுக்காளத்தைப் பாத்துக்கிட்டே நிக்க. ஏறு.

— பாண்டி, சாவியைப் பிடி. ஒரே ஒரு தடவை, எனக்காகக் கீழ படுத்துப் பாரு, அந்தச் சத்தம் எங்கருந்து வருதுன்னு. இன்னைக்கும் உனக்குத் தெரியலைன்னா, பெறகு நமக்குள்ள சரிப்பட்டு வராது.

— அப்பா, பாண்டியண்ணனைப் போகச் சொல்லாதீக, அவுக கண்ணாடியைத் தொடவே இல்லை; அதுல மொகம் தெரிஞ்சா முன் சீட்டுன்னீகள்ல, அதுக்காக நான்தான் பொங்கல்லருந்து அந்தச் சாம்பிள் பெட்டி மேல ஏறி உக்காந்து வாரேன், டொக்கு டொக்குன்னு கேக்குறது பொழுது போகலைன்னா லாடத்தால பெட்டியில நான் போடுற தாளம்.